நீர்த்தேக்கப் பாறையா, தேக்கப் பாறையா?

"அழுத்தம் கூடும்போது மணற்கல் நீர்த்தேக்கப் பாறையின் மின்தடை கூடும்." யாரோ மொழிபெயர்த்த அச்சுக் குறிப்பு. விஞ்ஞான தினக் கட்டுரைக்காக அதைத் தூக்கி வந்த உயர்தர வகுப்புப் பிள்ளை கேட்டாள்: "சேர், இது உன்னிச்சைக் குளத்துக்குக் கீழ கிடக்கிற கல்லா?"

மட்டக்களப்புப் பிள்ளை வேறென்ன நினைப்பாள்? நமக்கு நீர்த்தேக்கம் என்றால் உன்னிச்சை. அம்பாறைப் பக்கம் போனால் சேனநாயக்க சமுத்திரம்.

குறிப்பு சொல்வது நிலத்தடியில் எண்ணெயும் வாயுவும் தங்கும் பாறையை; ஆங்கிலத்தில் 'ரிசர்வாயர் ராக்'. ரிசர்வாயர் பிரெஞ்சுச் சொல். லத்தீன் வேருக்குப் பொருள் 'எடுத்துக் காத்து வை'. அதில் நீரே இல்லை; நீரூற்றியவர் நம்மவர். தேங்கு, தேக்கு, தேக்கம்: தேக்கப் பாறை. அவ்வளவுதான்.

நண்பர் ஒருவர் விடவில்லை. "மணற்கல்லின் துளைகளில் உப்புநீரும் இருக்குத்தானே, நீர் என்றால் என்ன பிழை?" பிழையே அங்கேதான். குவார்ட்ஸ் மணிகள் மின்னைக் கடத்துவதில்லை என்றே சொல்லலாம். எண்ணெயும் வாயுவும் அப்படித்தான். கடத்துவது உப்புநீர். துளைகளில் நீரின் பங்கு எவ்வளவு என்று கணிக்க எண்ணெய்ப் பொறியியலாளர் ஆர்ச்சி 1942இல் தந்த சமன்பாடு இந்த வேறுபாட்டின்மேல் நிற்கிறது. பெயரிலேயே நீரை ஊற்றிவிட்டால் தேடிப்போன எண்ணெய் எங்கே?

அழுத்தம் ஏற நுண்வெடிப்புகள் மூடும், துளைகளை இணைக்கும் கழுத்துகள் ஒடுங்கும், உப்புநீரின் பாதை நெருக்குப்படும், தடைத்திறன் ஏறும். நிலத்தடியிலிருந்து மேலே எடுத்த கல்லை அழுத்தாமல் அளந்து, அந்த அளவைக் கணக்கில் போட்டால், நெருக்குதலால் ஏறிய தடைத்திறனும் எண்ணெயின் பங்கில் சேர்ந்து, கீழே எண்ணெய் உள்ளதைவிடக் கூடுதலாகத் தெரியும். (ஆம், தடைத்திறன். மின்தடை துண்டின் நீளத்தோடும் தடிப்போடும் மாறும்; கல்லின் குணத்தைச் சொல்லத் தடைத்திறன்தான் வேண்டும். ஒரே வரியில் இரண்டு சறுக்கல்.)

நண்பர் அடுத்து 'களஞ்சியப் பாறை' என்றார். நெல் விளையும் ஊரில் காதுக்கு இனிக்கும். ஆனால் களஞ்சியத்தில் நாம் கொண்டுபோய்க் கொட்டுகிறோம். எண்ணெயோ பிறந்த பாறையிலிருந்து தானாக ஊர்ந்து மேலேறி, மூடுபாறை மறிக்க, அதன்கீழ் தேங்குகிறது. 'தேக்கம்' அந்த மறிப்பையும் சேர்த்துச் சொல்கிறது. அகராதியில் கண்ணில் பட்ட முதற்சொல்லை ஒட்டிவிட்டுக் கூலி வாங்குகிறவர்களுக்கு இதெல்லாம் எதற்கு?

குறிப்பில் 'நீர்' வந்த இடத்தையெல்லாம் வெட்டச் சொல்லி அனுப்பினேன். அடுத்த கிழமை திருத்திக் கொண்டுவந்தாள். 'உப்புநீர்' என்பதிலும் வெட்டியிருந்தாள்: "துளைகளிலுள்ள உப்பு மின்னைக் கடத்தும்."