வால்மீனா, வால் நட்சத்திரமா?

2025 ஜூலை 1 அன்று சிலி நாட்டிலுள்ள அட்லஸ் தொலைநோக்கியில் மங்கலாக ஒரு புள்ளி சிக்கியது. சூரியக் குடும்பத்துக்கு வெளியிலிருந்து வந்தவற்றில் நாம் கண்டுபிடித்த மூன்றாவது அது; பெயர் 3ஐ/அட்லஸ். சரி, ஆள் யார் என்று தமிழில் எப்படி எழுதுவது? ஒருவர் வால் நட்சத்திரம் என்கிறார், இன்னொருவர் வால்மீன், இலங்கையில் வால்வெள்ளி. சிலருக்கு வெறும் காமெட்.

காமெட்டுக்கு வேர் கிரேக்கம். கோமே என்றால் தலைமுடி; நீளமுடிக்காரன் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பனியும் தூசும் சேர்ந்த கட்டி வெயிலில் சூடேறும்போது அதைச் சுற்றிப் படரும் மூட்டத்துக்கு இன்றும் கோமா என்றே பெயர். (ஆஸ்பத்திரி கோமா வேறு. அது ஆழ்ந்த தூக்கத்தைக் குறிக்கும் இன்னொரு கிரேக்கச் சொல்.)

அவர்கள் முடியைப் பார்த்த இடத்தில் நம்மவர்கள் புகையைப் பார்த்தார்கள். புறநானூறு 117-இல் கபிலர் ‘தூமம் தோன்றினும்’ என்கிறார், மழை பொய்ப்பதற்கான அறிகுறியாக. தூமம் வடசொல், புகை என்று பொருள். சிலப்பதிகாரத்தில் அதுவே ‘புகைக்கொடி’ ஆகிவிடுகிறது. வால்மீனின் வடமொழிப் பெயரான தூமகேதுவைப் பிரித்துப் பாருங்கள்: தூமம் புகை, கேது கொடி. அச்சு அசலான தமிழாக்கம்! எனக்குப் பிடித்த பெயர் இதுதான். ஆனால் இன்று செய்தித் தலைப்பில் போட்டால் எந்த ஆலையில் தீ என்று கேட்பார்கள்.

வால்மீன் மேல் ஒரு புகார் உண்டு: அது விண்மீன் இல்லையே, மீன் எப்படிச் சரி? பழந்தமிழில் மீன் என்றால் வானில் மின்னும் எதுவும்தான். பட்டினப்பாலை கோள்களையே ‘கோண்மீன்’ என்கிறது, அதாவது கோள்மீன். ஆகவே வால்மீன் தாராளமாகப் பொருந்தும். நட்சத்திரத்துக்கு அந்த இடம் கிடையாது. கேட்டதும் தானே எரிகிற இன்னொரு சூரியன்தான் நினைவுக்கு வரும். வால்வெள்ளியும் நல்ல சொல்தான், வெள்ளிக் கோளோடு குழம்பாதவரை.

உண்மையில் தடுக்கி விழ வைப்பது ‘வால்’. வால் என்றதும் பின்னால் இழுபடுவது என்று நினைக்கிறோம். வால்மீனின் வால் போகும் திசையைப் பார்ப்பதில்லை. சூரியனுக்கு எதிர்ப்பக்கமாக நீளும், சூரியக் காற்றும் ஒளியும் தள்ளுவதால். 2025 அக்டோபர் இறுதியில் சூரியனுக்கு மிக அருகில் வந்துவிட்டுத் திரும்பிய 3ஐ/அட்லஸும் அப்படித்தான், வாலை முன்னே நீட்டிக்கொண்டு வெளியே போய்க்கொண்டிருக்கிறது.