ஐ.நா. அமைதிப் பணியில் காவலர்கள்: யார் செல்லலாம், என்ன அதிகாரம் உண்டு?

போர் ஓய்ந்த நாட்டில் போர்நிறுத்தக் கோட்டை ராணுவம் காத்துவிடும். ஆனால் பறிபோன வீட்டுக்கு யாரிடம் புகார் கொடுப்பது, பிடிபட்டவரை எந்தச் சட்டப்படி காவலில் வைப்பது போன்ற கேள்விகளுக்குக் காவல்துறைதான் விடை தர வேண்டும். அதனால்தான் ஐக்கிய நாடுகள் சபை 1960-இல் காங்கோவிலும் 1964-இல் சைப்ரஸிலும் தொடங்கி, அமைதிப் பணிகளில் காவலர்களை ஈடுபடுத்தி வருகிறது.

சபைக்கெனத் தனிக் காவல்படை கிடையாது. பாதுகாப்பு கவுன்சிலின் தீர்மானத்துக்குப் பின் உறுப்பு நாடுகள் தாமாக முன்வந்து ஆள்களை அனுப்புகின்றன. சிலர் தனி அதிகாரிகளாகச் செல்கின்றனர். மற்றவர்கள் ஒரே நாட்டைச் சேர்ந்த, பொதுவாக 140 பேர் அளவிலான அணியாகச் செல்கின்றனர். 2007-இல் இந்தியா லைபீரியாவுக்கு அனுப்பிய முதல் மகளிர் காவல் அணி இரண்டாம் வகையைச் சேர்ந்தது.

தனி அதிகாரியாகச் செல்ல விரும்புபவருக்குக் குறைந்தது 25 வயதும், பயிற்சிக் காலம் நீங்கலாக 5 ஆண்டுக் காவல் பணியும் தேவை. பணிமொழியிலும் வாகனம் ஓட்டுவதிலும், ஆயுதம் ஏந்த வேண்டிய பணியானால் துப்பாக்கி சுடுவதிலும் தேர்வு உண்டு. விண்ணப்பம் அவரவர் அரசின் வழியாகவே செல்ல வேண்டும். பணிக்காலம் வழக்கமாக ஓராண்டு. தங்குவதற்கும் உணவுக்குமான படியைத் தனி அதிகாரிக்கு ஐ.நா. நேரடியாக வழங்குகிறது, அணியினருக்கான தொகையோ அவர்களுடைய அரசுக்கே செல்கிறது.

பலரும் பிழையாகப் புரிந்துகொள்வது அதிகார வரம்பைத்தான். 1999-க்குப் பின் கொசோவோவிலும் கிழக்குத் திமோரிலும், நாட்டு நிர்வாகமே ஐ.நா.வின் பொறுப்பில் இருந்ததால், அதன் காவலர்களே குற்றவாளிகளைக் கைதுசெய்து விசாரித்தனர். பெரும்பாலான பணிகளில் அந்த அதிகாரம் உள்ளூர் காவல்துறையிடமே இருக்கும். வெளியிலிருந்து வந்த அதிகாரி, பெரும்பாலும் ஆயுதமின்றி, அவர்களுக்குப் பயிற்சியும் ஆலோசனையும் தந்து, புதியவர்களின் தேர்வுக்கு உதவி, உரிமை மீறல்களைப் பதிவுசெய்கிறார். வேகமாக முடிக்கும் ஆசையில் உள்ளூர் அதிகாரியின் வேலையைத் தானே செய்துவிடுபவர், ஊர் திரும்பிய பின் அங்கே எதையும் விட்டுச்செல்வதில்லை என்பதால், இந்த வரம்பு நியாயமானது.

பொறுப்புக்கூறல்தான் இத்திட்டத்தின் பலவீனமான பகுதி. அலுவல் சார்ந்த செயல்களுக்கு, ஐ.நா.வின் சலுகைகளையும் விலக்குரிமைகளையும் வரையறுக்கும் 1946-ஆம் ஆண்டு உடன்படிக்கை தரும் சட்டப் பாதுகாப்பைப் பொதுச்செயலாளர் விலக்க முடியும். எனினும் தவறிழைத்தவரை ஐ.நா. திருப்பி அனுப்பத்தான் இயலும். தண்டிக்கும் பொறுப்பு பெரும்பாலும் அனுப்பிய நாட்டின் மீதே விழுகிறது. குற்றம் ஒரு கண்டத்திலும் நீதிமன்றம் இன்னொரு கண்டத்திலும் இருக்கும்போது, பாதிக்கப்பட்டவரின் சாட்சியத்தைப் பெற அந்நாடு முனையாவிட்டால் வழக்கு அங்கேயே நின்றுவிடும்.