பித்தளைக் கூட்டின் அடியில் ஒரு கோடு

துப்பாக்கி சுடும் களத்தில் பயிற்சி முடிந்ததும் எல்லோரும் குனிந்து தரையில் தேடுவார்கள். தானாகவே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் துப்பாக்கி, ஒவ்வொரு சூட்டுக்கும் ஒரு காலிக் கூட்டைப் பக்கவாட்டில் வீசி எறிகிறது. பக்கத்தில் நிற்பவரின் கூடுகளும் அதே இடத்தில்தான் வந்து விழும். அளவு ஒன்று, நிறம் ஒன்று, பல சமயம் தயாரித்த ஆலையும் ஒன்று. இதில் என்னுடையது எது?

தோட்டாக்களைப் பெட்டியில் தலைகீழாக அடுக்கி, வரிசை வரிசையாக மார்க்கர் பேனாவால் ஒரே இழுப்பில் கோடு போட்டுவிடுவது பழைய வழக்கம். எனக்குச் சிவப்பு ஒற்றைக் கோடு, உங்களுக்கு நீல இரட்டைக் கோடு. பார்க்கச் சின்ன வேலைதான். ஆனால் இதில் பாதுகாப்பும் அடங்கியிருக்கிறது.

சுட்டு முடித்ததும் குண்டு போய்விடும், வெடிமருந்து எரிந்துவிடும். திரும்பக் கிடைப்பது கூடு மட்டுமே. அதைச் சுத்தம் செய்து, புதிய பிரைமரும் (ஊசி குத்தியதும் மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) மருந்தும் குண்டும் வைத்து மறுபடி பயன்படுத்துகிறார்கள். கூட்டின் பித்தளையில் சுமார் 70 சதவீதம் செம்பு, 30 சதவீதம் துத்தநாகம். மருந்து எரியும் நொடியில் கூடு விரிந்து துப்பாக்கியின் அறைச் சுவரோடு ஒட்டிக்கொள்கிறது; வாயு பின்பக்கம் கசியாமல் அடைக்கிறது. அழுத்தம் இறங்கியதும் சற்றே சுருங்குவதால்தான் அதை வெளியே இழுக்க முடிகிறது. இப்படி விரிந்து சுருங்கி, நிரப்பும்போது மறுபடி நெரிபட்டு, ஒவ்வொரு சுற்றிலும் பித்தளை கொஞ்சம் இறுகிப்போகிறது. இறுகிய உலோகம் ஒருநாள் வாய்ப்பகுதியில் விரிசல் விடும். என் கூடு எத்தனை முறை சுடப்பட்டது என்பது எனக்குத் தெரியும். அடுத்தவர் கூட்டின் வயது எனக்குத் தெரியாது. கலந்துவிட்டால் அந்தக் கணக்கே போய்விடுகிறது.

கூட்டின் அடிப்பக்கத்தைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்போம். 9 மில்லிமீட்டர் கைத்துப்பாக்கித் தோட்டாவின் அடித்தட்டு ஒரு சென்டிமீட்டர் அகலம்கூட இல்லை. நடுவில் நாலரை மில்லிமீட்டர் வட்டமாகப் பிரைமர். அதைச் சுற்றி மிஞ்சுவது சுமார் இரண்டே முக்கால் மில்லிமீட்டர் வளையம்தான். அந்த வளையத்தில்தான் ஆலை தன் பெயர் எழுத்துகளையும் தோட்டாவின் வகையையும் அழுத்திப் பதிக்கிறது. ராணுவத் தோட்டா என்றால் பெரும்பாலும் ஆண்டும் இருக்கும். நேட்டோ தரத்துக்குச் செய்தவற்றில் வட்டத்துக்குள் சிலுவைக் குறி ஒன்று தெரியும்.

ஆலை முத்திரை இருக்கும்போது, உரிமையாளரும் ஏன் உளியால் ஒரு புள்ளி குத்தி வைக்கக் கூடாது? முதல் காரணம் நேரடியானது: அடிபட்டால் வெடிப்பதற்கென்றே செய்த பொருள் பிரைமர். நிரப்பிய தோட்டாவின் அடியில் எதையும் தட்டவே கூடாது. இன்னொரு காரணம் பித்தளையின் சுபாவம். 19-ஆம் நூற்றாண்டில், பிரிட்டிஷ் ராணுவம் இந்தியாவில் மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் சேமித்து வைத்த தோட்டாக் கூடுகள் யாரும் தொடாமலே விரிசல் விட்டன. குதிரை மூத்திரத்திலிருந்து வந்த அம்மோனியா, ஈரக்காற்று, கூட்டை இழுத்து உருவாக்கியபோது உலோகத்துக்குள் தங்கிப்போன இறுக்கம் மூன்றும் சேர்ந்ததுதான் காரணம் என்பது 1921-இல் தெளிவானது. கூட்டைச் சூடாக்கி அந்த இறுக்கத்தைத் தளர்த்துவதே தீர்வு. ராணுவ ரைஃபிள் தோட்டாவின் கழுத்தில் இன்றும் தெரியும் நீலம் கலந்த பழுப்புச் சாயல் அந்தச் சூட்டின் தடம்தான். இப்படிப்பட்ட உலோகத்தில் வீணாக ஒரு குத்து எதற்கு? மை அதைச் சீண்டுவதில்லை.

மார்க்கர் மையில் நிறப்பொருள், பிசின், ஆல்கஹால் போன்ற கரைப்பான் மூன்றும் உண்டு. கரைப்பான் சில நொடிகளில் ஆவியாகிவிட, பிசின் நிறத்தைப் பிடித்துக்கொண்டு மெல்லிய படலமாக உலோகத்தில் ஒட்டிவிடும். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் ஒட்டாது. துணியால் துடைத்துவிட்டு எழுத வேண்டும். மருந்து எரிவது கூட்டின் உள்ளே. அடித்தட்டின் வெளிமுகத்தில் தீ நேராகப் படுவதில்லை. அதனால் சுட்ட பிறகும் கோடு பெரும்பாலும் தங்குகிறது. சோளக்கதிர்த் தண்டுத் தூளோடு கூட்டை உருட்டி மெருகேற்றும்போது அழியத் தொடங்கும். அது ஒரு வசதி. அடுத்த சுற்றுக்கு வேறு நிறத்தில் கோடு போட்டால், நிறமே எத்தனையாவது முறை என்பதைச் சொல்லிவிடும்.

ஆனால் அடையாளம் காண்பது வேறு, தேடி எடுப்பது வேறு. கீழே விழுந்த கூடு பக்கவாட்டில்தான் படுக்கும், அடிப்பக்கம் கண்ணில் படுவது குறைவு. 9 மில்லிமீட்டர் கூடு வாய்ப்பக்கம் கொஞ்சம் ஒடுங்கியிருப்பதால் நேராக ஓடாமல் வளைந்து உருண்டு எங்காவது போய் நிற்கும். பித்தளையைக் காந்தம் இழுக்காது. எஃகுக் கூட்டுக்கு மட்டுமே அந்த வசதி. காய்ந்த புல்லில் பித்தளை மஞ்சளோடு மஞ்சளாகக் கலந்துவிடும். பச்சைப் புல்லில் சிவப்புப் பூச்சு பளிச்சென்று தெரியும் என்றாலும், ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் சுமார் 8 சதவீதம் பேருக்குச் சிவப்பு பச்சை வேறுபாடு சரியாகத் தெரியாது. அவர்களுக்கு நீலமே நல்லது. என்னைக் கேட்டால், விழும் இடத்தில் ஒரு தார்ப்பாயை விரித்துவிடுவது எல்லா நிறத்தையும்விட மேல்.

நாம் எழுதாவிட்டாலும் துப்பாக்கி எழுதும். பிரைமரைக் குத்தும் ஊசி, அடித்தட்டு போய் மோதும் உலோக முகம், கூட்டைப் பிடித்து இழுக்கும் கொக்கி எல்லாமே தடம் விடுகின்றன. 1929 பிப்ரவரி 14 அன்று சிகாகோவில் ஏழு பேர் சுட்டுக் கொல்லப்பட்ட இடத்தில் 70 கூடுகள் கிடைத்தன. துப்பாக்கித் தடய நிபுணர் கால்வின் காடர்ட் அவற்றை ஒப்பீட்டு நுண்ணோக்கியில் வைத்து, இரண்டு தாம்சன் இயந்திரத் துப்பாக்கிகள் பயன்பட்டதையும், சந்தேகிக்கப்பட்ட போலீஸ் துப்பாக்கிகள் எதுவும் பொருந்தாததையும் காட்டினார். அதே ஆண்டு டிசம்பரில் அந்த இரண்டு துப்பாக்கிகளும் மிச்சிகனில் ஒரு வீட்டில் அகப்பட்டன.

இந்தத் தடத்தை வேண்டுமென்றே எழுத்தாக்க முடியுமா என்ற யோசனையில் வந்தது, ஊசிமுனையில் லேசரால் எண் பொறிக்கும் முறை. கலிஃபோர்னியா 2007-இல் அதற்குச் சட்டமே இயற்றியது. குத்தும் ஊசி தன் எண்ணைப் பிரைமரில் அச்சிட்டுவிடும். கூட்டை மறுபடி நிரப்புகிறவர் முதலில் கழற்றி எறிவதும் அந்தப் பிரைமரைத்தான். மார்க்கர் கோட்டின் நடுத்துண்டும் அதோடு போய்விடும். அதனால்தான் கோட்டை நடுவில் நிறுத்தாமல், வளையத்தின் இரு ஓரமும் தொடும்படி இழுக்கச் சொல்கிறார்கள்.