மோர்ரோ: சொல் விளக்கம்

ஸ்பானிய மொழியில் 'மோர்ரோ' என்றால் விலங்கின் முன்துருத்திய மூஞ்சி. கரையோரம் செங்குத்தாக எழுந்து, கடலில் வருகிறவர்களுக்குத் தொலைவிலேயே அடையாளம் காட்டும் பாறைக்குன்றுக்கும் அதுவே பெயர். கரீபியக் கடலில் உள்ள புவேர்ட்டோ ரிக்கோ தீவின் சான் ஹுவான் துறைமுக வாயிலில் நிற்கும் கோட்டையின் முழுப்பெயர் 'காஸ்தியோ சான் பெலிப்பே தெல் மோர்ரோ'. ஊரார் சுருக்கி 'எல் மோர்ரோ' என்பார்கள். 'எல்' வெறும் சுட்டு, பெயரில் சேராது.

இதை 'மோரோ' என்று எழுதுவது தவறு. ஒற்றை ரகரத்தோடு வரும் மோரோ வேறு சொல். வட ஆப்பிரிக்க முஸ்லிம்களுக்கு ஸ்பானியர் வைத்த பெயர் அது. பிலிப்பீன்சின் தென்பகுதி முஸ்லிம்களையும் அப்படியே அழைத்தார்கள். கோட்டைக்கும் அவர்களுக்கும் தொடர்பில்லை.

ஆக, மோர்ரோ என்பது முதலில் கோட்டையின் பெயரன்று, அது நிற்கும் குன்றின் பெயர். இந்தக் கோட்டையின் வரலாற்றில் ஒரு பகுதியை அந்தக் குன்றைக் கொண்டு விளக்கலாம். 1539இல் ஸ்பானியர் தொடங்கிய கட்டுமானம், அவர்கள் ஆளுகையில் இருந்த மெக்சிகோவின் கருவூலத்திலிருந்து வந்த பணத்தால் தலைமுறை தலைமுறையாக வளர்ந்தது. 1595இல் ஆங்கிலேயக் கடற்படைத் தளபதி பிரான்சிஸ் டிரேக் கடல்வழியே தாக்கினார். குன்றின்மேல் இருந்த பீரங்கிகள் கீழே வந்த கப்பல்களை நேராகக் குறிவைத்தன. ஒரு குண்டு டிரேக்கின் கப்பல் அறைக்குள்ளேயே பாய்ந்தது. அவர் திரும்பிப்போக வேண்டியதாயிற்று.

மூன்றே ஆண்டுகளில், 1598இல், இன்னொரு ஆங்கிலேயரான கம்பர்லாந்து பிரபு ஜார்ஜ் கிளிஃபோர்டு வேறு வழி கண்டார். நகரத்துக்குக் கிழக்கே படையை இறக்கி, தரைவழியாக வந்து முற்றுகையிட்டார். கோட்டை பணிந்தது. மூஞ்சி கடலைப் பார்த்திருந்தது, முதுகுப்புறம் திறந்துகிடந்தது! ஆனால் பிடித்தவர்களாலும் அங்கே நிலைக்க முடியவில்லை. வயிற்றுக்கடுப்பு படையில் பரவி ஏராளமானோரைக் கொன்றதால், சில மாதங்களில் வெளியேறினார்கள்.

1625இல் டச்சுக்காரர்கள் நகரத்தைப் பிடித்தும் கோட்டையைப் பிடிக்க முடியாமல், நகருக்குத் தீவைத்துவிட்டுப் போனார்கள். நிலப்பக்கத்துக் குறையை முழுமையாகச் சரிசெய்தது 18ஆம் நூற்றாண்டுதான். 1765இல் அலெஹாந்த்ரோ ஓ'ரெய்லி வகுத்த திட்டப்படி, தாமஸ் ஓ'டேலி என்ற பொறியாளர் பணியை நடத்தினார். இருவரும் அயர்லாந்தில் பிறந்து ஸ்பெயின் அரசருக்குச் சேவை செய்தவர்கள். நகரின் கிழக்கே, நிலத்தைப் பார்த்தபடி சான் கிறிஸ்டோபல் கோட்டை பெரிதாக எழுந்தது. 1797இல் பிரிட்டிஷ் படை அதே தரைவழியில் வந்து தோற்றுப்போனது. 1898இல் ஸ்பெயினுக்கும் அமெரிக்காவுக்கும் நடந்த போருக்குப் பின் தீவோடு கோட்டையும் அமெரிக்காவிடம் சென்றது. 1983இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னமானது.

இனி தமிழ்ச்சொல். 'முனை' என்றால் மட்டும் போதாது. முனை தாழ்வாகவும் மணலாகவும் இருக்கலாம்; மோர்ரோவுக்கு உயரமும் பாறையும் வேண்டும். சான் ஹுவானில் கோட்டை கடல்மட்டத்திலிருந்து சுமார் 140 அடி உயர்ந்து நிற்கிறது. ஆகவே 'குன்றுமுனை' என்பதே பொருந்தும். 'காஸ்தியோ' என்பதை அரண்மனை என்று பெயர்ப்பது பிழை. அங்கே அரசர் யாரும் வாழவில்லை. படைவீரர்களும் பீரங்கிகளுமே இருந்தார்கள். 'கோட்டை' தவறில்லை என்றாலும், எனக்கு 'அரண்' இன்னும் பிடிக்கிறது. உயர்வு, அகலம், திண்மை, அருமை என்று வள்ளுவர் அரணுக்குச் சொன்ன நான்கில், முதலாவதைக் குன்றே கொடுத்துவிடுகிறது. திண்மைக்குச் சில இடங்களில் 18 அடி கனமுள்ள சுவர்கள். நெருங்க முடியாத அருமைதான் 1598இல் நிலப்பக்கம் இல்லாமல் போனது.

கியூபாவிலும் ஹவானா, சாந்தியாகோ துறைமுக வாயில்களில் உள்ள கோட்டைகள் மோர்ரோ என்றே அழைக்கப்படுகின்றன. வெறுமனே மோர்ரோ கோட்டை என்றால் எது என்று தெரியாது. சான் ஹுவான் குன்றுமுனை அரண், ஹவானா குன்றுமுனை அரண் என்று ஊரைச் சேர்த்தே எழுத வேண்டும்.