போர்டிங் பாஸை அச்சிடாமல் வெளிநாடு செல்வோர் கவனத்திற்கு

ஐரோப்பாவில் படிக்கும் பிள்ளைகளுக்கும், அவர்களைப் பார்க்கப் போகும் பெற்றோருக்கும் டிக்கெட் எடுத்துத் தரும் பயண முகவரான என்னிடம் இப்போது அதிகம் கேட்கப்படுவது, போர்டிங் பாஸை அச்சிட்டுக்கொள்ள வேண்டுமா என்பதுதான். ஐரோப்பாவின் மலிவுக் கட்டண விமான நிறுவனமான ரயன்ஏர் 2025 நவம்பர் 12 முதல், வீட்டில் அச்சிட்டுக் கொண்டுவரும் தாளை ஏற்பதைக் கைவிட்டு, தன் செயலியில் வரும் பாஸைக் கேட்கத் தொடங்கியது. இதைக் கேள்விப்பட்ட சிலர் பயணத்தை உறுதிசெய்து பாஸைப் பெறும் செக்-இன் என்ற வேலையே இனி இல்லை என்று எண்ணிவிடுகிறார்கள். ஆன்லைனில் செக்-இன் செய்யாமல் விமான நிலையத்துக்குப் போனால் அந்த நிறுவனம் ஆளுக்கு 55 யூரோ வரை வசூலிக்கும். முன்பே செக்-இன் செய்தவரின் கைப்பேசி வழியில் தொலைந்துபோனால், அங்கேயே இலவசமாகப் பாஸ் கிடைக்கும் என்றும் அது அறிவித்துள்ளது.

இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்போர் கூடுதலாக ஒன்றைக் கவனிக்க வேண்டும். உரிய விசா இல்லாதவரை ஏற்றிச் சென்றால் அபராதத்தையும் திருப்பி அனுப்பும் செலவையும் விமான நிறுவனமே ஏற்க நேரிடும் என்பதால், கைப்பேசிக்குப் பாஸ் வந்துவிட்ட பிறகும் விசாவை ஊழியர் ஒருவர் நேரில் பார்க்க வேண்டும் என்ற நடைமுறை பல நிறுவனங்களில் இருக்கிறது. பையை ஒப்படைக்கத் தேவையில்லாத மாணவர்கள் கவுண்டர் பக்கமே போகாமல் நேரே விமானத்தில் ஏறும் கேட்டுக்குச் சென்று, அங்கே தடுக்கப்படுகிறார்கள். பாஸில் ஆவணச் சரிபார்ப்பு பற்றிய குறிப்பு இருக்கிறதா என்று முதல்நாளே பார்த்து, கவுண்டர் மூடும் நேரத்துக்கு வெகுமுன்னரே போய்விடுங்கள். சென்னை, திருச்சியிலிருந்து புறப்படும்போது, வெப் செக்-இன் செய்திருந்தாலும் கவுண்டரில் விசாவைப் பார்த்துத் தாள் பாஸ் தருவதே இன்னும் பரவலான வழக்கம்.

பெற்றோரை அனுப்பிவைக்கும்போது நான் வற்புறுத்துவது, இருவர் பாஸையும் ஒரே கைப்பேசியில் வைக்க வேண்டாம் என்பதைத்தான். கணவர் தன் பாஸை ஸ்கேன் செய்து தானியங்கிக் கதவுக்கு அப்பால் போய்விட, கைப்பேசியும் அவரோடு போனதால் மனைவி இப்பால் வெறுங்கையோடு நின்றதை வாடிக்கையாளர் ஒருவர் என்னிடம் வருத்தத்தோடு சொன்னார். வீட்டில் இருக்கும்போதே பாஸை இணையம் இல்லாமல் திறக்கும்படி சேமித்து, வரிசையில் நிற்கும்போது திரையின் வெளிச்சத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பில் வந்த படத்தில் பார்கோடின் ஓரம் வெட்டுப்பட்டிருந்தால் இயந்திரம் படிக்காது. செயலி திடீரென்று ஓடிபி கேட்டால், ரோமிங் இல்லாத இந்திய சிம்முக்கு அது வந்து சேராது. பாஸ் கைப்பேசியில் இருந்தாலும் விசா, காப்பீடு, திரும்பி வரும் டிக்கெட் ஆகியவற்றைத் தாளிலும் எடுத்துச் செல்வதே நல்லது.

பயணம் முடிந்ததும் பாஸ் செயலியிலிருந்து மறைந்துவிடலாம். அலுவலகத்தில் பயணப்படி கோருவோருக்கு அது தேவைப்படும். ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளான ஷெங்கன் நாடுகளில் பாஸ்போர்ட் முத்திரைக்குப் பதிலாக மின்பதிவு முறை 2025 அக்டோபர் 12 முதல் படிப்படியாக நடைமுறைக்கு வந்திருப்பதால், போய்வந்த தேதிகளை நீங்களே காட்டவும் பாஸ் உதவும். ஆகவே பிரதி எடுத்து வையுங்கள். ஆனால் அதைச் சமூக ஊடகங்களில் பகிராதீர்கள். ஆஸ்திரேலிய முன்னாள் பிரதமர் டோனி அபாட் 2020இல் இன்ஸ்டாகிராமில் இட்ட பாஸ் படத்திலிருந்த முன்பதிவு எண்ணைக் கொண்டே ஒருவர் அவருடைய பாஸ்போர்ட் எண்ணைக் கண்டுபிடித்துவிட்டார். மகனுக்கோ மகளுக்கோ அனுப்புவதென்றாலும் குடும்பக் குழுவில் போடாமல் தனியாக அனுப்புங்கள்.