யார் முதலில் நட்சத்திரம் போடுவது?

யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் இருக்கும் என் மச்சாள் கறித்தூள் விற்கிறார். செத்தல் மிளகாய், மல்லி, சீரகம் எல்லாவற்றையும் வீட்டிலேயே வறுத்து, சந்தியில் உள்ள மில்லில் அரைப்பித்து, அரைக் கிலோப் பைகளாகக் கட்டி இணையச் சந்தை ஒன்றில் போடுகிறார். கொழும்பிலிருந்தும் கண்டியிலிருந்தும் ஓடர் வரும். போன மாரியில் அவருடைய பக்கத்தில் ஒற்றை நட்சத்திரம் ஒன்று விழுந்தது. கீழே ஒரு வரி: "தூள் நல்லம். வந்து சேர எட்டு நாள்."

எட்டு நாள் எடுத்தது கூரியர். தூள் நல்லம் என்று அந்த மனிதரே எழுதியிருக்கிறார். ஆனால் நட்சத்திரத்துக்கு அதெல்லாம் தெரியாது. அதுவரை பதினொரு பேர் போட்டிருந்த ஐந்துகளோடு இந்த ஒன்றும் சேர, சராசரி 4.67க்கு இறங்கிவிட்டது.

மச்சாள் என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான். "நான் அந்தாளுக்குத் திருப்பி ஒண்டு போட ஏலாதோ?"

ஏலாது. அந்தத் தளத்தில் வாங்குபவர் விற்பவருக்குப் புள்ளி போடலாம், விற்பவர் திருப்பிப் போட முடியாது. கேட்டவுடன் அநியாயமாகத்தான் தோன்றும். ஆனால் இருவரும் ஒருவருக்கொருவர் புள்ளி போட்டுக்கொண்ட காலம் ஒன்று இருந்தது. அது எப்படிக் கெட்டுப்போனது என்று தெரிந்தால்தான் இந்த விதி எங்கிருந்து வந்தது என்று விளங்கும்.

அதற்கு முன் எங்கள் ஊர்க் கடையை ஒருமுறை பார்த்துவிடலாம். சந்திக் கடை முதலாளியிடம் ஒரு கடன் கொப்பி இருக்கும். யார் மாத முடிவில் ஒழுங்காகக் காசு கட்டுகிறார், யார் கடையைக் கண்டால் மற்றப் பக்கத்தால் சைக்கிளைத் திருப்புகிறார் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். சனத்துக்கும் அவருடைய தராசைப் பற்றித் தெரியும். அதாவது இரண்டு பக்கமும் மதிப்பீடு நடந்தது. நாணயம் என்ற சொல்லையே பாருங்கள், காசுக்கும் அதுதான் பெயர், சொன்ன சொல் தவறாத குணத்துக்கும் அதுதான் பெயர். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். முதலாளியின் தராசைப் பற்றி யாரும் அவர் முகத்துக்கு நேரே சொல்வதில்லை. கிணற்றடியில், கோயில் வீதியில், மூன்றாம் ஆளின் காதில்தான் அது போகும். அதனால் சொன்னவருக்கு அடுத்த நாள் கடையில் பழிவாங்கல் இல்லை. புறம் கதைப்பதை நாங்கள் கெட்ட பழக்கம் என்கிறோம். தகவல் பரவும் வழியாகப் பார்த்தால் அதில் ஒரு கெட்டித்தனம் இருக்கிறது.

இணையச் சந்தை இந்தக் கெட்டித்தனத்தைத் தெரியாமல் கைவிட்டுத்தான் தொடங்கியது. பியர் ஒமிடியார் 1995 செப்டெம்பரில் ஆரம்பித்த ஏலத்தளம்தான் பிறகு ஈபே ஆனது. அதில் முதலில் விலைபோனது உடைந்த லேசர் சுட்டி ஒன்று, 14.83 டொலருக்கு. முகம் தெரியாத ஒருவருக்குக் காசை அனுப்பிவிட்டுச் சாமானுக்காகக் காத்திருக்கும் வியாபாரம் அது. சச்சரவுகள் வந்தன. 1996 பெப்ரவரியில் ஒமிடியார் பின்னூட்டப் பகுதியைத் திறந்தார். ஒவ்வொரு வியாபாரத்துக்கும் பிறகு விற்றவரும் வாங்கியவரும் ஒருவருக்கொருவர் +1, 0, −1 என்று புள்ளி போடலாம். போட்டவர் பெயரோடு எல்லோருக்கும் தெரியும்.

இது ஏன் தேவைப்பட்டது? ஜோர்ஜ் அகெர்லொஃப் 1970இல் பழைய கார்ச் சந்தையை உதாரணமாக வைத்து இதை விளக்கியிருந்தார். நல்ல கார் எது, மோசமான கார் எது என்று வாங்குபவருக்குத் தெரியாவிட்டால், அவர் நடுத்தரமான விலைதான் கொடுப்பார். அந்த விலைக்கு நல்ல காரை வைத்திருப்பவர் விற்கமாட்டார், விலகிவிடுவார். மிஞ்சுவது மோசமானவை. அகெர்லொஃபுக்கு 2001இல் பொருளியல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. நட்சத்திரங்களின் வேலை இந்தச் சரிவைத் தடுப்பது. அவை உண்மையிலேயே காசுதான். 2006இல் வெளியான ஒரு பரிசோதனையில், நல்ல பெயர் எடுத்திருந்த ஒரு பழைய அஞ்சலட்டை வியாபாரி ஒரே மாதிரியான அட்டைகளைத் தன் பெயரிலும், புதிதாகத் திறந்த கணக்குகளிலும் ஈபேயில் விற்றார். பழைய பெயருக்கு வாங்குபவர்கள் சுமார் 8 சதவீதம் கூடுதலாகக் கொடுக்கத் தயாராக இருந்தார்கள்.

சரி, இருவரும் புள்ளி போட்டார்கள். என்ன நடந்தது? பால் ரெஸ்னிக், ரிச்சர்ட் ஸெக்ஹவுசர் இருவரும் 1999ஆம் ஆண்டின் 36,000க்கு மேற்பட்ட ஈபே வியாபாரங்களை ஆராய்ந்தார்கள். வாங்கியவர்களில் பாதிக்குச் சற்று மேற்பட்டோர் பின்னூட்டம் போட்டிருந்தார்கள். அதில் 99.1 சதவீதம் நல்லது. உலகத்தில் எந்தச் சந்தையில் நூறில் தொண்ணூற்றொன்பது பேருக்குத் திருப்தி? திருநெல்வேலிச் சந்தையில் கத்தரிக்காய் வாங்கிய நூறு பேரிடம் கேட்டுப் பாருங்கள், குறை சொல்லாமல் பத்துப் பேர் நகர்ந்தால் பெரிய காரியம்.

காரணம் பயம். நான் உங்களுக்கு −1 போட்டால் நீங்களும் எனக்கு −1 போடுவீர்கள். ஆகவே கெட்டிக்கார விற்பவர் முதலில் வாயே திறப்பதில்லை. வாங்கியவர் என்ன போடுகிறார் என்று பார்த்துக்கொண்டு இருப்பார். நல்லது வந்தால் நல்லது திரும்பிப் போகும், கெட்டது வந்தால் கெட்டது. கலியாண வீட்டில் யார் உறைக்குள் எவ்வளவு வைத்தார் என்று எழுதிவைத்து, அவர்கள் வீட்டுக் கலியாணத்துக்கு அதே அளவு வைப்போமே, அந்தக் கணக்குத்தான். போதாததற்கு, இருவரும் சம்மதித்தால் கெட்ட புள்ளிகளை மீளப் பெறலாம் என்றும் ஒரு வசதி இருந்தது. சமாதானத்துக்கு என்று வைத்தது ஆயுதமாகிவிட்டது. வாங்கியவர் நியாயமாகவே −1 போட்டிருப்பார். விற்றவர் காரணமில்லாமல் ஒரு −1ஐத் திருப்பிப் போட்டுவிட்டு, "நீங்கள் எடுங்கள், நானும் எடுக்கிறேன்" என்பார். பலரும் எடுத்தார்கள்.

ஆக, எல்லோரும் பொய்யர்கள் என்பதல்ல பிரச்சினை. விதியின் அமைப்பு அப்படி. யார் முதலில் பேச வேண்டும், பேசியது எப்போது வெளியே தெரிய வேண்டும் என்ற இரண்டு விடயங்கள்தான் புள்ளியின் நேர்மையைத் தீர்மானித்தன.

ஈபே இரண்டு படியாகத் திருத்தியது. 2007இல் வாங்குபவர் மட்டும் போடும் தனி நட்சத்திரங்களைக் கொண்டுவந்தது. சாமான் சொன்னபடி இருந்ததா, தொடர்பு எப்படி, அனுப்பிய வேகம், அனுப்புகூலி என்று நான்கு கேள்விகள். யார் எவ்வளவு போட்டார் என்று விற்பவருக்குத் தெரியாது, சராசரி மட்டும் தெரியும். கிணற்றடிக் கதையை இயந்திரத்துக்குள் வைத்தது போல. (வேகத்தைச் சாமானிலிருந்து பிரித்ததையும் கவனியுங்கள். மச்சாள் தளத்தில் அது மட்டும் இருந்திருந்தால் எங்கள் வீட்டில் இந்தப் பேச்சே வந்திருக்காது.) 2008 மே மாதத்தில் அடுத்த படி. விற்பவர் வாங்குபவருக்கு இனி நல்ல புள்ளி மட்டுமே போடலாம், கெட்டதோ நடுநிலையோ போட முடியாது. விற்பவர்கள் கொதித்தார்கள். ஒரு கை கட்டப்பட்ட சண்டை என்றார்கள்.

அந்த மாற்றத்தின் விளைவைக் கிளைன், லாம்பெர்ட்ஸ், ஸ்டால் என்ற மூன்று பொருளியலாளர்கள் ஆராய்ந்து 2016இல் வெளியிட்டார்கள். அவர்களுக்கு வாய்ப்பாக அமைந்தது 2007இன் பெயர் தெரியாத நட்சத்திரங்கள். அவற்றில் முன்பும் பழிவாங்கல் பயம் இல்லை, பின்பும் இல்லை. எனவே 2008க்குப் பிறகு அவை கூடினால், பயம் போனதால் கூடியது என்று சொல்ல முடியாது, வியாபாரமே திருந்தியிருக்க வேண்டும். கூடித்தான் இருந்தன. மோசமானவர்கள் கூட்டமாக வெளியேறியதாலும் அல்ல, வெளியேறுவோர் தொகையில் மாற்றம் தெரியவில்லை. இருந்த அதே ஆட்கள்தான் கவனமாகி, முன்பைவிட நன்றாகச் செய்யத் தொடங்கினார்கள். இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு இதுதான், கேள்வியைவிடக் கேட்ட விதத்துக்காக.

அப்படியானால் மச்சாளின் கேள்விக்கு "ஏலாது, அதுதான் நல்லது" என்று முடித்துவிடலாமா? எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒருபக்கப் புள்ளி ஈபேயில் நியாயமானதற்கு ஒரு காரணம் உண்டு: அங்கே வாங்குபவர் காசை முதலிலேயே கட்டிவிடுகிறார். கட்டிய பிறகு அவர் செய்யக்கூடிய தீங்கு குறைவு, ஏமாறும் வாய்ப்புள்ளவர் அவர்தான். எங்கள் பக்கத்தில் பெரும்பாலும் சாமான் வீட்டு வாசலுக்கு வந்த பிறகுதான் காசு. மச்சாள் தூளைக் கட்டி அனுப்பி, அது கொழும்பு வரை போய், "வேண்டாம், மனம் மாறிவிட்டது" என்று திரும்பி வந்த நாட்கள் உண்டு. போன கூலியும் வந்த கூலியும் அவர் தலையில். இங்கே முதலில் கையை நீட்டுபவர் விற்பவர். ஆபத்து இடம் மாறிவிட்டது, புள்ளி போடும் விதி மட்டும் இடம் மாறாமல் நிற்கிறது.

இருபக்கமும் புள்ளி போட்டும் பழிவாங்கல் இல்லாமல் செய்ய வழி இருக்கிறது. வீடுகளைத் தங்குவதற்கு வாடகைக்கு விடும் தளமான ஏர்பிஎன்பி 2014இல் அதைச் செய்தது. அங்கே வீட்டுக்காரருக்கு விருந்தாளியைப் பற்றித் தெரிந்தாக வேண்டும், வீட்டையே கொடுக்கிறார் அல்லவா. ஆகவே இருவரும் எழுதலாம், ஆனால் இருவரும் எழுதி முடிக்கும் வரை, அல்லது 14 நாள் கழியும் வரை, ஒருவர் எழுதியது மற்றவருக்குத் தெரியாது. தெரிந்த பிறகு மாற்றவும் முடியாது. வாக்குப் பெட்டியை ஒரே நேரத்தில் திறப்பது போல. பழிவாங்கல் குறைந்தது, எழுதுவோர் கொஞ்சம் கூடினார்கள், ஐந்து நட்சத்திரங்களின் பங்கு சற்றே குறைந்தது. சற்றேதான். பயத்தை எடுத்தாலும் கூச்சம் போகவில்லை. தேத்தண்ணி போட்டுக் கொடுத்த மனுசிக்கு எப்படி மூன்று போடுவது?

கூச்சப்படுபவர்கள் என்ன செய்கிறார்கள்? பேசாமல் இருக்கிறார்கள். கிறிஸ் நோஸ்கோ, ஸ்டீவன் டாடெலிஸ் இருவரும் ஈபேயின் தரவுகளில் இந்த மௌனத்தை எண்ணினார்கள். விற்பவர்களின் நல்ல புள்ளிச் சராசரி 99 சதவீதத்துக்கு மேல், அதில் யாரையும் பிரித்தறிய முடியாது. நல்ல புள்ளிகளை, வந்த புள்ளிகளால் வகுக்காமல் நடந்த மொத்த வியாபாரங்களால் வகுத்துப் பார்த்தார்கள். உடனே ஆட்கள் பிரிந்து தெரிந்தார்கள். அந்த எண் குறைவாக உள்ளவரிடம் வாங்கியவர்கள் அந்தத் தளத்துக்கே திரும்பி வருவது குறைவாக இருந்தது. கறி எப்படி என்று கேட்டால் "ம்" என்று சொல்லிக் கை கழுவப் போகும் விருந்தாளியை எங்கள் அம்மாக்கள் எப்போதோ படித்துவிட்டார்கள். கணினிக்கு அது தெரியக் கொஞ்சம் காலம் எடுத்தது.

இன்னொரு அநியாயம் புதியவர்களுக்கு நடக்கிறது. மூன்று பேர் மட்டும் போட்டு மூன்றும் நல்லதாக உள்ள கடை நூறு சதவீதம். இருநூறில் 190 நல்லதாக உள்ள கடை 95 சதவீதம். எதை நம்புவீர்கள்? பதினெட்டாம் நூற்றாண்டில் பிரெஞ்சுக் கணித அறிஞர் லப்லாஸ் நாளைக்குச் சூரியன் உதிக்குமா என்று கணக்குப் போடும்போது ஒரு எளிய தந்திரத்தைச் சொன்னார்: எல்லோருக்கும் ஒரு நல்லதையும் ஒரு கெட்டதையும் இலவசமாகச் சேர்த்துவிட்டு வகுத்துப் பாருங்கள். மூன்றுக்கு மூன்று, ஐந்துக்கு நான்காகி 80 சதவீதம் ஆகிறது. 190 நல்லது, 202க்கு 191 ஆகி 94.6இல் நிற்கிறது. சிறிய கடையின் பெருமை கொஞ்சம் அடங்கும். மறுபக்கமும் உண்டு. சிறிய கடைக்குத் தற்செயலாக விழும் ஒரு அடி அதைக் கவிழ்த்துவிடாமலும் இந்தக் கணக்குத் தாங்கும். வெறும் சராசரி காட்டும் தளங்கள் இந்தச் சின்ன வேலையைச் செய்யாமல் இருப்பதற்கு நல்ல காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

முதல் புள்ளி எங்கே விழுகிறது என்பதும் சும்மா இல்லை. லெவ் முச்னிக்கும் கூட்டாளிகளும் ஒரு செய்தித் தளத்தில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட கருத்துகளில் சிலவற்றுக்குக் குலுக்கல் முறையில் ஒரேயொரு ஆதரவு வாக்குப் போட்டுவிட்டு ஒதுங்கி நின்றார்கள். 2013இல் வெளியான முடிவின்படி, அவற்றின் இறுதிப் புள்ளி சராசரியாக 25 சதவீதம் உயர்ந்திருந்தது. நல்லது என்று ஒருவர் சொல்ல, பின்னால் வருபவருக்கும் நல்லதாகவே தெரிகிறது. எதிர் வாக்குப் போட்டபோது பின்னால் வந்தவர்கள் அதைச் சரிசெய்துவிட்டார்கள். போலிப் புள்ளி வாங்கி ஒட்டுபவர்கள் கடை திறந்த முதல் வாரத்திலேயே அதைச் செய்வதில் ஒரு கணக்கு இருக்கத்தான் செய்கிறது.

மச்சாளிடம் இதையெல்லாம் ஒரு பின்னேரம் சொல்லி முடித்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, உள்ளே போய் ஒரு கொப்பி எடுத்து வந்தார். பார்சலைத் திருப்பி அனுப்பியவர்களின் தொலைபேசி இலக்கங்கள், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் சிவப்புப் பொட்டு. சாவகச்சேரியில் பனம் பினாட்டு விற்கும் ஒரு அக்காவும் இவரும் கொப்பியைப் படம் எடுத்து மாற்றிக்கொள்கிறார்களாம். சிவப்புப் பொட்டுக்காரர் ஓடர் போட்டால், முதலில் காசைப் போடச் சொல்லிக் கேட்பார்களாம்.

ஒரு இலக்கத்துக்குப் பக்கத்தில் சின்னதாக "ஆஸ்பத்திரி" என்று எழுதியிருந்தது. பார்சல் போன நாளில் அந்த ஆள் வாட்டில் படுத்திருந்தாராம், பிறகு அவரே எடுத்துச் சொல்லியிருக்கிறார். பொட்டு அப்படியே இருந்தது. அழிக்கவில்லையா என்று கேட்டேன். "அது பேனையால போட்டது," என்றார் மச்சாள்.