கான்கிரீட்டில் நடப்பது கார்பனேற்றம் அன்று

கட்டடங்களையும் கரியமில வாயுவையும் பற்றிய ஓர் உரையை அண்மையில் கேட்டேன். 'கான்கிரீட்டின் கார்பனேற்றம்' என்ற தொடர் அதில் பத்துத் தடவையாவது வந்திருக்கும். உரை முடிந்ததும் ஒரு மாணவி எழுந்து, "ஏற்றிய வாயு, கட்டடத்தை இடிக்கும்போது வெளியே வந்துவிடாதா?" என்று கேட்டார். கேள்வியில் தவறில்லை, அவருக்குக் கொடுக்கப்பட்ட சொல்லில்தான் தவறு. சோடாப் புட்டிக்குள் அழுத்தத்தால் வாயுவைக் கரைப்பதையும் கார்பனேற்றம் என்றே எழுதி வருகிறோம். மூடியைத் திறந்தால் அந்த வாயு சீறிக்கொண்டு போய்விடும் என்பது யாருக்கும் தெரியும்.

மூலச்சொல் லத்தீனின் 'கார்போ', பொருள் கரி. அதிலிருந்து கார்பன், கார்பனேட், கார்பனேஷன். கடைசிச் சொல், ஒரு பொருள் கார்பனேட்டாக மாறுவதையும் பானத்தில் வாயு கரைவதையும் ஆங்கிலத்தில் ஒருசேரக் குறிக்கிறது. அந்த இரட்டைப் பொருளை நாமும் சுமக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

நிகழ்வதைப் பார்த்தால் சொல் தானே கிடைக்கும். தூய சுண்ணாம்புக்கல் 100 கிலோவை ஏறத்தாழ 900 டிகிரி செல்சியஸில் சுட்டால் 44 கிலோ கரியமில வாயு பிரிந்து போக, 56 கிலோ சுட்ட சுண்ணாம்பு எஞ்சும். சிமெண்ட் உலையில் அது களிமண்ணின் சிலிக்காவோடு சுமார் 1450 டிகிரியில் கூடி, அரைத்துச் சிமெண்டாக்கும் 'கிளிங்கர்' கட்டிகள் ஆகிறது. சிமெண்ட் ஆலைகள் வெளியிடும் கரியமில வாயுவில் பாதிக்கு மேற்பட்டது எரிபொருளிலிருந்து வருவதன்று, கல்லிலிருந்தே வருவது. பின்னர் சிமெண்ட் நீரோடு கூடி இறுகும்போது அதனுள் நீற்றுச் சுண்ணாம்பு (கால்சியம் ஹைட்ராக்சைடு) உண்டாகிறது. காற்றிலுள்ள கரியமில வாயு கான்கிரீட்டின் நுண்துளைகள் வழியே நுழைந்து, அங்குள்ள ஈரத்தில் கரைந்து கரியமிலமாகி (கார்பானிக் அமிலம்), அந்த நீற்றுச் சுண்ணாம்பை மறுபடி கால்சியம் கார்பனேட்டாக்குகிறது. சூளையில் அழிந்த கல்லே திரும்பி வருகிறது. சுண்ணாம்பு வாயுவை இழப்பதையும் திரும்பப் பெறுவதையும் ஸ்காட்லாந்து வேதியியலாளர் ஜோசப் பிளாக் 1756-இலேயே காட்டிவிட்டார்.

இப்போது 'ஏற்றம்' என்பதை எடுத்துக்கொள்வோம். வண்டியில் மூட்டையை ஏற்றுகிறோம், விளக்கை ஏற்றுகிறோம்; ஏற்றுவதற்கு ஒருவர் வேண்டும். கான்கிரீட்டிலோ யாரும் எதையும் ஏற்றுவதில்லை, அது கேட்பாரற்று நின்றபடியே மாறுகிறது. மேலும், உள்ளே போவது வெறும் கார்பனும் அன்று. எஃகின் மேற்பரப்பைக் கடினமாக்கக் கரியைப் புகுத்தும் உலைத்தொழிலுக்குக் 'கார்பனேற்றம்' பொருந்தும். அங்கே அதை வைத்துக்கொள்ளலாம். சிலர் 'கரியாக்கம்' என்றே எழுதிவிடுகிறார்கள். அது விறகைக் காற்றுப்படாமல் சுட்டுக் கரியாக்குவது. கார்பனேஷன், கார்பனைசேஷன் என்ற இரண்டு ஆங்கிலச் சொற்களின் ஒலி ஒத்திருப்பதைக் கண்டு பொருளைப் பார்க்காமல் போனதன் விளைவு.

இவற்றைவிட என்னை வருத்துவது 'கார்பன் உறிஞ்சல்'. பஞ்சு நீரை உறிஞ்சும், பிழிந்தால் விட்டுவிடும். கான்கிரீட் வாயுவை வாயுவாக வைத்துக்கொள்வதில்லை. 1930 முதல் 2013 வரை சிமெண்ட் உற்பத்தியில் கல்லிலிருந்து வெளிப்பட்ட கரியமில வாயுவில் சுமார் 43 விழுக்காட்டுக்கு ஈடான அளவு சிமெண்ட் பொருள்களில் திரும்பச் சேர்ந்தது என்று 2016-இல் ஓர் ஆய்வு மதிப்பிட்டது. எரிபொருளின் பங்கு அந்தக் கணக்கில் இல்லை. அந்த வரம்பை விட்டுவிட்டு 'உறிஞ்சுகிறது' என்று மொழிபெயர்த்தால், கான்கிரீட் ஒரு காடு என்று படிப்பவர் நினைக்கத்தான் செய்வார். மாற்றத்தின் ஆழமோ காலத்தின் வர்க்கமூலத்தை ஒட்டியே வளர்கிறது. நாளாக நாளாக வேகம் குறையும்.

நான் ஆளும் சொல் 'சுண்ணக்கல்லாதல்'. 'கல்லாதல்' என்று மட்டும் நிறுத்தினால் கற்காமையின் சாயல் விழும். ஆகவே முன்னடை வேண்டும். வேதியியல் நூலில் 'கார்பனேட்டாதல்' என்று எழுதுவதையும் நான் மறுக்கமாட்டேன், கலப்புச் சொல்லானாலும் பொருள் பிழையில்லை. தூய்மையைவிடத் தெளிவே எனக்குப் பெரிது. 'ஆதல்' என்ற ஈறு இதில் முதன்மையானது. மாற்றம் பொருளிலேயே நிகழ்கிறது, அதன் நன்மை தீமை இரண்டும் அங்கிருந்தே வருகின்றன என்பதை அது சொல்லிவிடுகிறது. நீற்றுச் சுண்ணாம்பு தீரத் தீரக் கான்கிரீட்டின் காரத்தன்மை குறைந்து, 12.5-க்கு மேலிருந்த பிஹெச் அளவு 9-க்கும் கீழே இறங்கும். உள்ளிருக்கும் கம்பியைக் காத்த மெல்லிய படலம் அப்போது அழியும், கம்பி துருப்பிடிக்கும், துரு பருத்துக் கான்கிரீட்டைப் பிளக்கும்.

இதைக் கண்ணால் காண, பழைய கான்கிரீட் துண்டு ஒன்றை உடைத்து, புதிய முகத்தில், காரம் பட்டால் நிறம் மாறும் பினால்ப்தலீன் கரைசலைத் தெளித்தால் போதும். நடுப்பகுதி கருஞ்சிவப்பு கலந்த இளஞ்சிவப்பாக மாறும். ஓரம் மட்டும் நிறமின்றி நிற்கும். நிறமற்ற அந்த விளிம்புதான் சுண்ணக்கல்லான பகுதி. கட்டடத்தை இடித்தால் அதிலிருந்து வாயு வெளியேறாது. நொறுங்கிய துண்டுகளின் புதிய முகங்களில் காற்றுப்பட்டு இன்னும் கொஞ்சம் சுண்ணக்கல்லாகும். வாயு மீண்டும் பிரிய வேண்டுமானால், அதை மறுபடி சூளையில் இட்டுச் சுட வேண்டும், அல்லது அமிலம் பட வேண்டும்.